உப்பிட்ட கைகளுக்கு ஒரு விண்ணப்பம்

சென்ற ஆண்டில் ஒரு நள்ளிரவு, நோயில் பூசுதல் வழங்க மருத்துவமனைக்கு வருமாறு அழைப்பு வந்தது. ஐம்பது வயதும் நிறையாத தச்சுத் தொழிலாளர் ஒருவர், வலக்கையும் வலக்காலும் செயலற்று, வாய் குழறிக் கிடந்தார். “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார், சாமி!” என்று அவர் மனைவி கதறினார். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர் கூறி, மாத்திரையும் கொடுத்திருந்தார். உடம்பில் ஒரு நோவும் இல்லையே என்று இரண்டே மாதத்தில் அதை நிறுத்திவிட்டாராம்.

அன்புக்குரிய குடும்பத்தாரே, இந்நோயின் கொடுமை இதுதான். இது ஓசையின்றி வரும். பலருக்கு வலியோ மயக்கமோ காட்டாமலே மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களை நாள்தோறும் நலிவுறச் செய்யும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 31 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது.

‘இவையெல்லாம் செல்வர்க்கு வரும் நோய்கள்’ என்போர் இன்றும் உளர். அது உண்மையன்று. இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் 2021-இல் எழுபது வயதுக்கு முன்பே இறந்தோர் உலகில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 82 பேர் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த அழுத்தத்தை உயர்த்துவதில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. மிகுதியான உப்பு உடலில் நீரைத் தேக்கும், குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு பெருகும், அழுத்தம் ஏறும். காய்கறி வாங்க வழியில்லாத வீட்டில்தான் கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் மோர் மிளகாயும் துணையாகின்றன. ஏழையின் தட்டிலேயே உப்பு மிகுந்து விடுகிறது!

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும். அது ஒரு தேக்கரண்டி அளவு. பெரியவர் நால்வர் உள்ள இல்லத்தில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாள்களாவது வரவேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது? தாய்மார்களே, அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சோற்றுக்கு உப்பிடுவதை முதலில் விடுங்கள். பிறகு குழம்பில் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

ஆடவரே, உங்களுக்கும் கடமை உண்டு. புகையிலையையும் மதுவையும் விலக்குங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் நடங்கள். முப்பது வயதைக் கடந்த அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதனை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. மாத்திரையால் அழுத்தம் தணிந்திருப்பதைக் கண்டு, நோயே நீங்கியதென எண்ணி, மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தாதீர்கள்.

அத்தச்சர் உயிர் பிழைத்தார். ஆனால் உளி பிடித்த கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அவர் மகன், இன்று தந்தையின் உளியோடு வேலைக்குப் போகிறான்.