பட்டையை உரிக்காமல் தோல் பதனிடலாம்

பெரு என்றதும் மச்சு பிச்சுவின் கல்மதில்களும் உருளைக்கிழங்கின் எண்ணற்ற ரகங்களும் நினைவுக்கு வரும். தோல் தொழிலை நம்பி வாழும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் அந்த நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். தாரா என்னும் சிறிய முள்மரம் அது. நம் வீட்டு வாசலில் பூக்கும் மயில்கொன்றைக்கு உறவுமுறை. ஆண்டீஸ் மலைகளின் வறண்ட பள்ளத்தாக்குகளில், ஏறத்தாழ 1,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், வேறு பயிர் எளிதில் பிடிக்காத கற்சரிவுகளில் வளர்கிறது. தெற்குப் பெருவின் அட்டிகிப்பாவில், மழையே அரிதான கடலோரப் பாலையை ஒட்டிய குன்றுகளில், பசிபிக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியின் ஈரத்தைக் கொண்டே தாராத் தோப்புகள் நிற்கின்றன. அதன் செந்நிறக் காயை இடித்து, இரும்பு உப்போடு சேர்த்து, ஆண்டீஸ் நெசவாளர்கள் கம்பளி நூலுக்குச் சாம்பலும் கருப்புமான சாயம் ஏற்றுவார்கள். இன்கா நாட்டின் நெசவு மரபு இன்றும் உயிரோடிருக்கும் குஸ்கோ வட்டாரத்தில் இந்த வழக்கம் இருக்கிறது. நம் கலங்காரிக் கலைஞர்கள் கடுக்காய் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் கருங்கோடு வரைவதும் இதே வேதியியல்தான்.

காயில் இருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. தோலைப் பதனிடுவதும் அதுவே. பச்சைத் தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். அப்படியே விட்டால் அழுகும், உலர்த்தினால் விறைக்கும், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெந்நீரில் சுருங்கிவிடும். டானின் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து, பல முனைகளில் பற்றிக்கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அதன்பின் தோல் அழுகாது, 75, 80 டிகிரி வரை தாங்கும். குரோமியம் உப்பு இன்னும் வலுவாகப் பிணைப்பதால் குரோம் தோல் கொதிநீரையே தாங்குகிறது. தாராவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மரப்பட்டை டானின்கள் பெரும்பாலும் தோலைச் செம்பழுப்பாக்கும், வெயில் பட்டால் நிறம் இன்னும் கறுக்கும். தாராவில் இருப்பது காலிக் அமிலத்தைச் சார்ந்த டானின். அது வெளிறிய நிறம் தரும், வெளிச்சத்தில் எளிதில் மாறாது. கார் இருக்கைத் தோலுக்கு அதைத் தேடுவது இதனால்தான். உலகச் சந்தையில் விற்கும் தாராவின் பெரும்பகுதி பெருவிலிருந்து போகிறது. விதையும் வீணாவதில்லை. அதிலிருந்து எடுக்கும் பசை ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் உணவுப்பொருளாக விலைபோகிறது.

ராணிப்பேட்டை வட்டாரத்துக்குத் தாவரப் பதனீடு புதிதில்லை. ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைக்கும் முறையை 1840 வாக்கில் சென்னைக்கு வந்த சார்லஸ் டி சூசா என்பவர் செம்மைப்படுத்தினார் என்பது தொழில் வரலாற்றில் சொல்லப்படுவது. ஆவாரையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்து, எண்ணெய் பூசிய அரைப்பதத் தோல் கப்பலேறி லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது. ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்ற அதே சரக்குக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஆவாரஞ்செடியை வெட்டினால்தான் பட்டை. வெட்டிய தூர் மறுபடி துளிர்த்தாலும் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். தேவை பெருகியதும் ஆவாரை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை இறக்குமதியானது. பிறகு அந்த மரத்தையே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பெருமளவில் நட்டார்கள். இன்று அது புல்வெளிகளை விழுங்கிப் பரவி நிற்கிறது; வெட்டி அகற்றுவதே வனத்துறைக்குப் பெரும்பாடு. அந்தப் புல்வெளிகளின் இழப்பு நம் தோல் தொழிலின் கணக்கிலும் ஒரு பங்காக ஏற வேண்டியது.

தாவரப் பதனீட்டைக் குரோம் ஏன் வென்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் பதனீட்டைப் பரிசோதித்துக் காட்டினார். குழியில் நாள்கணக்கில் ஊறிய வேலை, டிரம்மில் ஒரு நாளளவுக்குள் முடியலாயிற்று. மென்மையும் வெப்பம் தாங்கும் திறனும் கொண்ட ஷூ மேல்தோல் அதில் கிடைத்தது. பதனீட்டில் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரிய நஞ்சல்ல என்று தொழில்துறையினர் சொல்வதும் சரி. ஆனால் அந்த உப்பை உற்பத்தி செய்யும் வழியில் ஆறு இணைதிறன் குரோமியம் பிறக்கிறது. அது புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து கசியும் மஞ்சள் நீர் நிலத்தடியில் இறங்கியதை இந்த ஊர் நன்றாக அறியும். டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்துக் குரோமுக்கு விலை போடுவது பாதிக் கணக்குதான்.

தாவர டானின் மட்டும் தூய்மையா என்ற கேள்வி நியாயமானது. அதன் கழிவுநீர் கறுத்திருக்கும். பீனால் வகைப் பொருள்கள் நிறைந்தது. நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைப்பதில்லை. தோலைப் பதப்படுத்தி வைக்கத் தூவும் உப்பு எந்த முறைக்கும் பொது. பாலாற்றங்கரைக் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு. தோல் ஆலைக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் பார்த்த துயரம் முழுவதையும் ஒரு காய்ப்பொடி தீர்த்துவிடாது. ஆனாலும் குரோம் படாத தோல் சீவலிலும் கசடிலும் அந்த உலோகம் இருக்காது என்பதால், அவற்றை உரமாக்கவோ வேறு பொருளாக்கவோ வழி திறக்கிறது. எல்லாத் தோலையும் பழைய முறைக்குத் திருப்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வெப்பம் தாங்க வேண்டிய ஷூ தோல் குரோமிலேயே இருக்கட்டும். கைப்பை, பெல்ட், காலணி உட்புறம், இருக்கைத் தோல் ஆகியவற்றுக்குக் கொதிநீர் தாங்கும் வலிமை எதற்கு?

அப்படியானால் தாராவையே இங்கே நட்டுவிடலாமே என்பார்கள். வாட்டிலைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான் யோசித்தார்கள். பெருவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மரம் அல்ல, அந்த நாடு காயைத் தேர்ந்தெடுத்த முறை. காய்க்காக வளர்க்கும் மரம் நிற்க நிற்கத்தான் வருமானம். சரிவு மண்ணை வேர் பிடித்துக்கொள்கிறது. வெட்டுவதற்குக் காரணமே இல்லை. அந்த வகையில் நம்மிடம் இருப்பது கடுக்காய். டானின் 30 சதவீதத்துக்கு மேல். பட்டை டானினின் செந்நிறத்தைத் தணிக்கும் குணமும் கொண்டது. ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கும் ஜவ்வாது மலையில் பழங்குடி மக்கள் அதைச் சேகரித்து விற்கிறார்கள். பெரு தன் காயைத் தோலும் விதையுமாகப் பிரித்து, தூளைச் சலித்து, டானின் அளவைக் குறித்து, தரம் பிரித்த சரக்காக விற்கிறது. கடுக்காயும் மலையடிவாரத்திலேயே காய்ந்து, கொட்டை நீங்கி, டானின் அளவு குறித்த மூட்டையாக இறங்க வேண்டும். சோதித்துச் சான்று தர 1948 முதல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கூடுதல் விலையின் பங்கு காய் பொறுக்கியவர் கைக்குப் போகும்படி ஒப்பந்தம் எழுத வேண்டியவர்கள் டேனரி முதலாளிகள். அந்த வேலைக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.