அசைவூட்டப் படமும் காணொளிக் கட்டுரையும்

அசைவூட்டப் படத்தைச் சிறுவர் பொழுதுபோக்கெனப் புறக்கணிக்கும் மனோபாவத்தை மறுப்பதற்குக் காணொளிக் கட்டுரை துணைபுரிகின்றது. ரொனி ஜோவும் ரெய்லர் றாமோஸும் நடத்திய தொடரில் 2014இல் வெளியான, யப்பானிய நெறியாளர் சதோஷி கொன் பற்றிய கட்டுரை, அவரது படத்துண்டங்களையே சான்றாக நிறுத்தி, கனவும் நனவும் ஒரே வெட்டில் இணையும் உத்தியைப் புலப்படுத்துகின்றது. எழுத்து விமர்சனம் விவரிக்க மட்டுமே இயலும் அசைவை இது கண்முன் நிறுத்துகின்றது.

எனினும், தனியொருவரின் மேதைமையை முதன்மைப்படுத்தும் இம்முறை, சட்டகந்தோறும் வரைந்தோரின் கூட்டுழைப்பை மறைத்துவிடலாகாது. 1941இல் டிஸ்னி நிறுவன ஓவியர்கள் தொழிற்சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தமை அவ்வுழைப்பின் வரலாற்றுச் சான்றாகும். செக்கனுக்கு 24 சட்டகங்களாக ஓடும் படத்தை நிறுத்திக் காட்டவல்ல இவ்வடிவமே, அவற்றின் பின்னுள்ள கரங்களையும் காட்டவல்லது. அதனைக் கோருவதே இரசனையின் கடமையெனக் கருதுகின்றோம்.