வினைப்பிறப்பும் அருள்வருகையும்

இறைவன் உடம்பொடு வருதல் கூடுமோ என்பது சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவாயதொரு வினா. கடவுளின் வார்த்தையே ஊனுடம்பு கொண்டு தாய்வயிற்றிற் பிறந்ததென்பர் கிறித்து சமயத்தார். இறைவனுக்குப் பிறப்பில்லையென்பர் சைவர். இவை தம்முள் மாறுபடுதல் வெளிப்படை. ஆயின், மாறுபாடு யாண்டுளதென்று ஆராயாது, 'பிறந்தானெனின் வினையுடையனாவன். வினையுடையான் இறைவனாகான்' என்று கூறியமைதல் நம்மவருட் பலர்க்கு வழக்கமாயிற்று. அம்மறுப்பு எதிர்தரப்பாரின் கொள்கையைத் தொடுகின்றதா என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. 1740 முதல் 1758 வரை கீர்நாந்தர் என்னும் பாதிரியார் கடலூரிலிருந்து தம் சமயத்தைப் போதித்தார். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்று அந்நூலை நன்கறிந்த ஆறுமுக நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டு, 1864இல் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறர் நூலைக் கற்றே பிறரோடு வழக்காடுதல் அவர் காட்டிய நெறியாகும்.

அந்நெறியே பற்றி, நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஆயராயிருந்த அத்தனாசியார், கடவுள் உடம்பு கொண்டமை குறித்து எழுதிய நூலை நோக்குவோம். அவர் காட்டும் உவமைகள் நம் வீட்டிலும் வீதியிலும் காணத்தக்கனவே. பலகையில் எழுதிய ஓவியம் அழுக்கேறிக் கெட்டவழி, பலகையை எறிந்துவிடாது, ஓவியத்திற்குரியவரை மீண்டும் வருவித்து அப்பலகையிலேயே புதுக்குவர் என்பது ஒன்று. வெள்ளம் புகுந்த வீட்டில் தந்தையாரின் நிழற்படம் நனைந்தழியின், அவரை மீண்டும் இருத்திப் படமெடுப்பித்தலை இதனோடு ஒப்பிடலாம். அரசன் ஒரு நகரத்தின் ஒரு மனையிற் றங்கினும் நகர் முழுதும் பெருமையெய்திப் பகைவரச்சம் நீங்கும் என்பது மற்றொன்று. உயரதிகாரி ஒருவர் குடிவந்த தெருவில் விளக்குகள் தவறாது எரிதலும் கள்வர் அணுகாமையும் யாவரும் அறிந்தனவே.

அற்றேல், உடம்பினுட் புகுந்த கடவுள் அதனாற் கட்டுண்டிலரோ எனின், இல்லையென்பர் அத்தனாசியார். ஞாயிற்றின் கதிர் அழுக்கிற்படினும் ஞாயிறு அழுக்குறாதவாறு போல, வார்த்தையும் உடம்பிலிருந்தே எங்கும் நிறைந்திருந்தது. வினையாலன்றி அன்பினாலேயே உடம்பு கொள்ளப்பட்டது என்பது அவர் துணிபு. எனவே, 'வினையுடையனாவன்' என்னும் மறுப்பு அவர் கூறாததனையே மறுத்ததாய் முடியும்.

இனி, சித்தாந்தத்திலும் இறைவன் வாராதவனல்லன். விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்குத் தன் திருவுருவங் காட்டியும், சகலர்க்கு மானிட ஆசானை இடமாகக் கொண்டும் ஞானம் உணர்த்துவான். மானைக் கொண்டு மானைப் பிடிக்கும் வேட்டுவரின் பார்வை விலங்குபோல, மக்களை ஆட்கொள்ள மக்கள் வடிவே போர்வையாயிற்றென்பது திருவருட்பயனின் கருத்து. தில்லையில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவராகிய கூத்தப்பெருமானே தேரேறி வீதிக்கு எழுந்தருளுதல், அம்பலத்துட் புகவியலாதார்க்கும் காட்சி நல்கும் அருட்செயலன்றோ? வருதல் வேறு, பிறத்தல் வேறு என்பதனை அத்தேர்விழாவே விளக்கும்.

ஆயின், உண்மை மாறுபாடு யாதெனின், நோயை இன்னதெனக் கொள்வதிலேயே உளது. அத்தனாசியார்க்கு உயிரின் நோய் அழிவும் சாக்காடும். இன்மையினின்று படைக்கப்பட்ட மனிதன் கடவுளை விட்டு நீங்கி அழிவிற்பட்டான் ஆகலின், சாகக்கூடிய மெய்யுடம்பொன்றிற் சாவே வெல்லப்படல் வேண்டும். அதுபற்றியே, அவ்வுடம்பு வெறுந்தோற்றமென்றாரைத் திருச்சபை தள்ளியது. சித்தாந்திக்கோ உயிர் படைக்கப்பட்டதன்று, அநாதி. அதன் நோய் அநாதியாகிய ஆணவ இருள். இருளுக்கு மருந்து ஒளியே. ஆகலின், ஈண்டு வேண்டப்படுவது ஞானமன்றி இறைவனது சாவன்று. அன்றியும், 451இற் கூடிய கால்சிதோன் சங்கம் இரண்டியல்பும் ஒருவர்க்கே உரியவென்றது. சைவத்தில் ஆசான் என்னும் உயிர் வேறு, அவனிடத்து விளங்கும் சிவம் வேறு. ஆங்கு வருகை ஒருமுறையே; ஈண்டுப் பக்குவமெய்திய உயிர்தோறும்.

தில்லையில் வாழ்ந்த உமாபதிசிவம், 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில், ஒவ்வொரு கொள்கையையும் முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். பிறர் கொள்கையை அவர் உடன்படுமாறு கூறியபின் மறுத்தலே மறுப்பாகும். அங்ஙனஞ் செய்யின், 'இறைவன் பிறந்தானோ' என்னும் வழக்கு ஒழிந்து, 'உயிரைப் பிணித்தது யாது' என்னும் வினாவே எஞ்சிநிற்கும். சைவர் தம் விடையைக் கூறவேண்டுமிடம் அதுவேயாம்.