வேர்வழி பரவும் வாடல் நோய்

மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஓக் இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, இடைப்பட்ட பகுதி பச்சையாகவே இருந்தால், அந்த மரம் பிழைப்பது கடினம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரைச் சுற்றியுள்ள லைவ் ஓக் மரங்களில் ஓக் வாடல் நோயின் அடையாளம் இதுதான்.

நோய்க்குக் காரணம் பிரெட்சியெல்லா ஃபாகாசியாரம் என்னும் பூஞ்சை. 1940களில் விஸ்கான்சின் மாநிலத்தில் இதைக் கண்டறிந்தார்கள். தண்ணீரை மேலேற்றும் குழாய்களுக்குள் பூஞ்சை வளர, அதைத் தடுக்க மரமும் அந்தக் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. வேரடியில் ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. செவ்வோக் மரங்கள் சில வாரங்களிலேயே பட்டுப்போகின்றன. லைவ் ஓக் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் தாங்கும். வெள்ளை ஓக் இனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்.

நோய் இரண்டு வழிகளில் பரவுகிறது. பட்டுப்போன செவ்வோக்கின் பட்டைக்கு அடியில் பூஞ்சை மெத்தைபோல் திரண்டு பட்டையை வெடிக்கச் செய்கிறது. அதிலிருந்து அழுகிய பழத்தின் வாசனை வரும். அந்த வாசனைக்கு வரும் சிறு வண்டுகள், பூஞ்சை வித்துகளைச் சுமந்துபோய், வேறொரு மரத்தின் புதுக் காயத்தில் சாறு குடிக்க உட்காருகின்றன. அங்கே புதிய தொற்று தொடங்குகிறது.

இரண்டாவது வழி மண்ணுக்கடியில் இருக்கிறது. அருகருகே வளரும் லைவ் ஓக் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், நோய் ஆண்டுக்குச் சராசரியாக 75 அடி நகர்ந்துவிடுகிறது. இதைத் தடுக்க, நோய் தெரியும் மரங்களிலிருந்து 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பைத் துண்டிக்கிறார்கள். புரோப்பிகோனசோல் மருந்தை அடிமரத்தில் ஊசிவழி செலுத்துவதும் உண்டு. நோய் வருமுன் செலுத்தினால்தான் நல்ல பலன். ஆனால் வேர்வழிப் பரவலை அது நிறுத்தாது. நோயில் பட்ட செவ்வோக்கை உடனே வெட்டி எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். பச்சை விறகாக வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது.

முற்றிய நோய்க்கு மருந்தில்லை, பக்கத்து மரத்தைக் காப்பாற்றுவதே இங்கு வைத்தியம். டெக்சாஸில் ஓக் மரமுள்ள வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஓக் கிளைகளைக் கழிக்காதீர்கள். எந்த மாதமானாலும் வெட்டிய இடத்தில் உடனே பெயின்ட் பூசிவிடுங்கள். அரிவாளை எடுக்குமுன் பெயின்ட் டப்பா பக்கத்தில் இருக்கட்டும்.