அலையும் அலைச்சலும்

நடுநிலைப் பள்ளி அறிவியல் நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒன்று எளிதில் புலனாகும். அலைகளைப் பற்றிய பாடம் ஓரிடத்தில் இருக்கும். கரிமச் சுழற்சி பற்றிய பாடம் வேறோரிடத்தில் இருக்கும். முன்னதை இயற்பியல் என்பர். பின்னதை உயிரியல் என்பர். இரண்டையும் இரு வேறு ஆசிரியர்கள் நடத்துவதும் உண்டு. இவ்விரண்டுக்கும் உறவு உண்டென்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே. ஆயினும், உலகம் ஏன் சூடேறி வருகிறது என்னும் பெருங்கேள்விக்கு விடை, இவ்விரு பாடங்களும் கைகோக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்படிப்பின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து பெங்களூர் வந்த நான், ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது அது. எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். கடைத்தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்களுள் எட்டுப் பத்துப் பேர் ரிச்சர்ட்ஸ் பூங்காவில் என்னிடம் அறிவியல் கேட்க வருவார்கள்.

அலை என்பதற்கு ஆங்கில இலக்கணத்தை அவர்கள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். "சரி, அதற்கு என்ன பொருள்?" என்றேன். விடை இல்லை. "தமிழில் அலை என்கிறோமே, அதற்கு என்ன பொருள்?" என்று மாற்றிக் கேட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "அலையிறதுதான் அக்கா! 'எங்கடா அலைஞ்சிட்டு வர்றே'ன்னு எங்கம்மா திட்டுவாங்களே, அது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த விடையை நான் தள்ளிவிடவில்லை. எங்கள் பாடம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அலையில் எது அலைகிறது?

குளத்தில் கல்லெறிந்தால் வட்ட வட்டமாக அலை பரவுகிறது. அந்த அலையோடு நீரும் கரைக்கு ஓடி வருகிறதா? அல்சூர் ஏரியில் மிதக்கும் ஒரு சருகை நோக்குங்கள். அலை அதைக் கடக்கும்போது சருகு மேலெழுந்து கீழிறங்குகிறது. சற்றே முன்னும் பின்னும் ஆடுகிறது. பிறகு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீர் தன் இடத்தில் ஆடுகிறது. அவ்வாட்டம் மட்டுமே பயணம் செய்கிறது. ஆட்டத்தோடு ஆற்றலும் செல்கிறது.

இதை விளக்க ஒரு விளையாட்டுப் போதும். எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் தோளில் கை வைக்கச் சொன்னேன். கடைசியில் நின்றவன் மெல்லத் தள்ளினான். அத்தள்ளல் தோள் தோளாகக் கடந்து முதலில் நின்ற சிறுமியை அடைந்தது. "யாராவது இடம் மாறினீர்களா?" என்றேன். "இல்லை அக்கா." "ஆனால் ஏதோ ஒன்று வந்து சேர்ந்ததல்லவா?" "ஆமாம், தள்ளு வந்தது!" ஒலி அலையும் இத்தகையதே. காற்றின் துகள்கள் தத்தம் இடத்தில் முன்னும் பின்னும் அசைய, ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

தமிழர்க்கு இவ்வுண்மையைத் துயரத்தோடு கற்பித்த நாள் 2004 டிசம்பர் 26. அன்று சுமத்ராவுக்கு அருகில் கடலடி நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைத் தாக்கியது. சுமத்ராவின் நீரா அத்துணை விரைவில் நாகைக்கு வந்தது? இல்லை. வந்தது ஆற்றல். கரையருகே ஆழம் குறையவே, அந்த ஆற்றல் நம் கரையோரத்து நீரையே மலைபோல் எழுப்பி ஊருக்குள் தள்ளியது.

ஒளியும் ஓர் அலையே. அது பரவுவதற்கு நீரும் வேண்டா, காற்றும் வேண்டா. ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து, ஞாயிற்றின் ஆற்றலை 8 நிமிடங்களில் நம் மரத்தின் இலைமேல் கொண்டுவந்து சேர்க்கிறது. இலையில் அந்த ஆற்றல் என்ன ஆகிறது? இங்கேதான் இரண்டாம் பாடம் தொடங்குகிறது.

கரிமத்தின் அலைச்சல்

ஒரு பெரிய மரத்தின் எடையெல்லாம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றே பலரும் கருதுவர். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்பார் இதைச் சோதித்துப் பார்த்தார். நிறுத்துப் பார்த்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 ராத்தலுக்குமேல் வளர்ந்திருந்தது. மண்ணோ சில அவுன்ஸ்களே குறைந்திருந்தது. 1648-இல் வெளிவந்த அவருடைய நூல் இதைக் கூறுகிறது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மை. நீரோடு காற்றிலுள்ள கரியமிலவாயுவும் சேர்ந்தே மரமாகிறது என்பது பின்னால் விளங்கியது. மரக்கட்டையின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். அக்கரிமம் முழுவதும் காற்றிலிருந்து வந்தது. அதைப் பிணைக்கும் ஆற்றல் ஒளியலையிலிருந்து வந்தது.

அலையில் பொருள் அலைவதில்லை என்று கண்டோம். கரிமமோ உண்மையாகவே அலைகிறது! தஞ்சை வயலில் நெற்பயிர் காற்றிலிருந்து பற்றிய கரிமம், அரிசியாகிப் பெங்களூருக்கு வருகிறது, சோறாகி நம் உடலில் சேர்கிறது, மூச்சாகி வெளியேறுகிறது, நாளை பூங்கா மரத்தின் இலையாகலாம். சருகு மட்கினாலும் எரிந்தாலும் மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. கடல் நீரும் அதைக் கரைத்துக்கொள்கிறது, திரும்பவும் விடுகிறது. நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்ததுதான் கரிமமும். ஆனால் எந்த ஊரிலும் அது நிலையாகக் குடியேறுவதில்லை.

இதற்கும் ஒரு விளையாட்டு வைத்தேன். பூங்காவின் நான்கு மூலைகளுக்குக் காற்று, மரம், மண், கடல் என்று பெயரிட்டோம். நான் 'மூச்சு', 'ஒளிச்சேர்க்கை', 'மட்குதல்' என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் மூலைக்கு மூலை ஓடினார்கள். முன்னைய விளையாட்டில் ஒருவரும் இடம் மாறவில்லை. இதில் எல்லோரும் இடம் மாறினார்கள். இருவரை மட்டும் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்து, "நீங்கள் நிலக்கரி, கூப்பிடும் வரை எழக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். கடைசியில் "நெய்வேலி!" என்று கூவினேன். இருவரும் எழுந்து காற்று மூலைக்கு ஓடினார்கள். அங்கே நெரிசலாயிற்று.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மரஞ்செடிகள் புதைந்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாயின. 1956-இல் அங்கு நிறுவனம் அமைந்து, பின்னர்க் கரியை வெட்டி மின்சாரம் ஆக்கத் தொடங்கினார்கள். அம்மின்சாரத்தில் கர்நாடகத்துக்கும் பங்குண்டு. அந்தப் பழங்காட்டின் கரிமம் நம் விளக்கெரியப் புகைபோக்கி வழியே காற்றுக்கு ஏறுகிறது.

கணக்கைப் பாருங்கள். நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கரிமத்தைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. மூச்சும் மட்குதலும் ஏறத்தாழ அவ்வளவையே திருப்பித் தருகின்றன. வரவும் செலவும் ஒத்த குடும்பம் அது. மனிதர் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து ஆண்டுதோறும் சுமார் 1,000 கோடி டன் புதிதாகச் சேர்க்கிறார்கள். அதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் தாவரங்களும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே ஆண்டுக்காண்டு குவிகிறது.

பத்தாயிரத்தில் நான்கு

நெரிசலைப் பார்த்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அங்க கூட்டம் சேர்ந்தா என்ன அக்கா? காத்துல பத்தாயிரத்துக்கு நாலு பங்குதான் கரியமிலவாயுன்னு படிச்சோமே. நாலு பங்கு என்ன பண்ணிட முடியும்?"

எவ்வளவு நேர்மையான கேள்வி! படித்த பெரியவர்கள் பலரும் இக்கேள்வியில்தான் இடறுகிறார்கள். கரிமச் சுழற்சியை மட்டும் படித்தவர் இதற்கு விடை சொல்ல இயலாது. அலைப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

வெயில் காய்ந்த கல் சுவரின் அருகே, பொழுது சாய்ந்தபின் கையைக் கொண்டு செல்லுங்கள். தொடாமலே வெப்பம் உறைக்கும். சுவரிலிருந்து அலைகள் வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியா. அவற்றை அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். ஞாயிற்றின் ஒளி காற்றை எளிதில் ஊடுருவித் தரையைச் சூடாக்குகிறது. தரையோ அந்த வெப்பத்தை நீண்ட அலைகளாக வானுக்கு அனுப்புகிறது. அவை எளிதாக வெளியேற முடிகிறதா என்பதே கேள்வி.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தோன்றியபோதெல்லாம் தள்ளினால் ஊஞ்சல் ஆடாது. அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் சிறு விரலாலும் உயர ஆட்டலாம். இதை ஒத்ததிர்வு என்பர். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒத்த இரண்டு அணுக்கள் சேர்ந்தவை. அவற்றை அகச்சிவப்பு அலை ஆட்ட முடிவதில்லை. தொடாமல் கடந்து போகிறது. கரியமிலவாயுவின் மூலக்கூறில் மூன்று அணுக்கள் உள்ளன: நடுவே கரிமம், இருபுறமும் ஆக்ஸிஜன். அது வில்போல் வளைந்து நிமிரக்கூடியது. மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் 15 கூறு அலைநீளமுள்ள கதிர், அவ்வளைவுக்குச் சரியாக இசைகிறது. தரை உமிழும் கதிர்களில் இந்த அலைநீளம் தாராளமாக உண்டு. மூலக்கூறு அதைப் பற்றி, பக்கத்துக் காற்றைச் சூடாக்குகிறது; கதிரை எல்லாத் திசைகளிலும் மீண்டும் உமிழ்கிறது. அதில் ஒரு பங்கு தரைக்கே திரும்புகிறது. நீராவியும் இவ்வேலையில் பெரும்பங்கு கொள்கிறது.

ஆகவே, "நாலு பங்கு என்ன செய்யும்?" என்பதற்குப் பிள்ளைகளிடம் சலவை வாளியைக் காட்டினேன். ஒரு வாளி நீரில் சில துளி சொட்டு நீலம் விட்டால் வாளி முழுவதும் நீலமாகிறதல்லவா? நீர் ஒளியைத் தடுப்பதில்லை. தடுப்பது அச்சில துளிகளே. எண்ணிக்கை சிறிதாயினும், வேலை செய்வது அதுதான்.

இது நேற்று எழுந்த கருத்தன்று. 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட், கரியமிலவாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதையும், ஆற நெடுநேரம் ஆவதையும் கண்டு எழுதினார். 1859-இல் இலண்டனில் ஜான் டிண்டால் எந்தெந்த வாயு வெப்பக் கதிரைப் பற்றுகிறது என்று அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், கரியமிலவாயு பெருகினால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட்டார். இவ்வாயுக்களே இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். நாம் பிறந்திருக்கவே மாட்டோம். அவை இருப்பது குற்றமன்று. அளவு மீறுவதே இடர். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு, 1958-இல் ஹவாயியில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

நம் ஊரில் வாழ்ந்த அலையறிஞர்

மூலக்கூறும் அலையும் உறவாடுவதைப் பற்றிப் பேசும்போது பெங்களூரில் வாழும் நாம் ஒருவரை மறக்கலாகாது. 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்தவர். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கையில், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று வினவியவர். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில், மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் அலைநீளம் மாறி வருவதைக் கண்டார். அம்மாற்றத்தைக் கொண்டே மூலக்கூறு எவ்வாறு அதிர்கிறது என்று அறியலாம். கரியமிலவாயுவின் இரு ஆக்ஸிஜன்களும் ஒருசேர விலகி ஒருசேர நெருங்கும் அதிர்வு ஒன்றுண்டு. அது அகச்சிவப்புக் கதிருக்கு அகப்படாது. இராமன் சிதறலில் அகப்படும்.

1933-இல் அவர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தார். 1948-இல் தம் பெயரால் ஆய்வுக் கழகம் அமைத்தார். 1970 நவம்பரில் மறைந்தபோது அக்கழகத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்தச் சொட்டு நீலச் சிறுமி, "அப்ப அவரும் நம்ம விளையாட்டுல இருக்காரு அக்கா" என்றாள். கரிமச் சுழற்சிக்கு அதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

நமக்கு ஒரு பணி

நண்பர்களே! அறிவியல் பட்டம் பெறப் படிக்கும் நாம், கற்றதை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுதல் தகுமா? இப்பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கிடையே வளர்கிறார்கள். பள்ளியில் சொற்களைப் பெறுகிறார்கள். வீட்டு மொழியில் அவற்றைப் பொருளாக்கித் தருவார் இல்லை. 'அலை' என்னும் ஒரு சொல்லைக் கேட்டவுடன் சிரித்துச் சிந்திக்கத் தெரிந்த பிள்ளைகள், ஆங்கில இலக்கணத்தின் முன் வாயடைத்து நின்றார்கள். குறை அறிவில் இல்லை. ஆங்கிலத்தில் தேர்வு எழுதட்டும்; தமிழில் ஒருமுறை விளங்கிக்கொண்டு எழுதட்டும்.

நீங்கள் வாழும் தெருவிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு வாளி நீர், ஓர் ஊஞ்சல், ஒரு கைப்பிடிச் சருகு; வேறு கருவி வேண்டா. வெவ்வேறு பக்கங்களில் அச்சிட்ட பாடங்களை அவர்கள் தாமே இணைத்துப் பார்க்கும்படி கேள்வி கேளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் நம்மையும் படிக்க வைக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோமாக!