காணும் நரம்பு – 11: அழுத்தம் இறங்கிய பிறகும்

“டாக்டர், பிரஷர் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் பார்வை குறையுது?” கிளாக்கோமாவுக்கு ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து விட்டு வருபவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. கண்ணழுத்தம் எப்படி ஏறுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் மடிகிற செல்களை இந்த வாரம் பார்ப்போம்.

விழித்திரையின் உள்ளடுக்கில் இருப்பவை கேங்லியான் செல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட இழை மூளையை நோக்கிப் போகிறது. ஒரு கண்ணிலிருந்து புறப்படும் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. கண்ணின் பின்சுவரில் உள்ள சல்லடைத் தகட்டின் துளைகள் வழியாகத்தான் அவை வெளியேற வேண்டும். அழுத்தம் கூடும்போது இழைகள் நசுங்குவது அங்கேதான். செத்த செல் திரும்ப முளைப்பதில்லை.

அழுத்தத்தைக் குறைத்தால் பலன் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்வீடனில் மால்மோவை மையமாக வைத்து 255 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. லேசராலும் சொட்டு மருந்தாலும் அழுத்தத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்த குழுவில் 45 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. சிகிச்சை தராமல் கவனித்து வந்த குழுவில் அது 62 சதவீதம். சிகிச்சை பலரைக் காப்பாற்றியது. ஆனாலும் அந்த 45 என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதோடு செல்லையும் நேரடியாகக் காக்க முடியாதா?

மெமன்டைன் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மருந்து அது. சாகும் செல்லிலிருந்து கசியும் குளூட்டமேட் பக்கத்துச் செல்லையும் கொல்கிறது, அதைத் தடுத்தால் அழிவு பரவாது என்பது கணக்கு. குரங்குகளிடம் நல்ல அறிகுறி தெரிந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் நான்கு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார்கள். பலன் நிரூபணமாகவில்லை. மருந்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுத்தத்துக்கான சிகிச்சையும் நடந்துகொண்டிருந்ததால் பார்வை மெதுவாகத்தான் குறையும். அதை அளப்பதோ, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் பார்வைப்புலச் சோதனை. ஒரே ஆளுக்கே இந்த முறை ஒரு முடிவும் அடுத்த முறை வேறு முடிவும் வரும். சிறிய பலன் ஒன்று இருந்திருந்தாலும் அந்தத் தடுமாற்றத்தில் மறைந்திருக்கும்.

பிறகு 2017இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் சைமன் ஜானும் பீட் வில்லியம்ஸும் வயதாக ஆகக் கிளாக்கோமா வரும் எலிகளை ஆராய்ந்தார்கள். செல்லின் ஆற்றல் உற்பத்திக்கு அவசியமான என்.ஏ.டி. என்ற பொருள் வயதோடு விழித்திரையில் குறைந்திருந்தது. கேங்லியான் செல்லின் இழைக்குக் கண்ணுக்குள் மயலின் உறை கிடையாது. சைகையைக் கடத்த அதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். சத்துக் குறைந்த செல், அழுத்தம் ஏறும்போது முதலில் விழுகிறது. அந்த எலிகளுக்கு வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடைக் கொடுத்தார்கள். குறைந்த அளவிலேயே, கண்ணழுத்தம் இறங்காத நிலையிலும் நரம்பு பிழைத்தது. மிக அதிக அளவு கொடுத்தபோது 93 சதவீதக் கண்களில் நரம்புச் சேதமே இல்லை.

எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிக்காது. மெமன்டைன் கதைக்குப் பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மெல்பர்னில் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்த 57 பேரிடம் சோதித்தபோது, பார்வைப்புலத்தை மட்டும் நம்பாமல், வெளிச்சத்துக்கு விழித்திரை தரும் மின் சைகையையும் அளந்தார்கள். ஆறு வாரம் தினம் 1.5 கிராம், அடுத்த ஆறு வாரம் 3 கிராம். 2020இல் வெளியான முடிவின்படி, உட்செல்களின் சைகை மேம்பட்டிருந்தது. துவண்டிருந்த செல்கள் சில மீண்டும் வேலை செய்தன என்றே நான் வாசிக்கிறேன். பன்னிரண்டு வாரத்தை வைத்துப் பார்வை காப்பாற்றப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் நீண்டகாலச் சோதனைகள் தொடங்கப்பட்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போய்விடக் கூடாது. மூன்று கிராம் என்பது அன்றாடத் தேவையைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்த அளவில் கல்லீரல் பாதிக்கப்படலாம். கடையில் கிடைக்கும் நியாசினும் பி3தான், ஆனால் அது வேறு வடிவம். முகம் சிவந்து எரியும். மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். இரவுச் சொட்டு மருந்தை ஒரு நாளும் விட வேண்டாம்.

அடுத்த வாரம், பொத்தானை அழுத்தச் சொல்லும் அந்தச் சோதனையைப் பார்ப்போம். அது ஏன் தடுமாறுகிறது, எத்தனை முறை செய்தால் நம்பலாம்?

(தொடரும்)