வேலையும் மனமும்

மனநலம் என்பதற்கு நோயின்மை என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். மனம் பழுதுற்ற பின்னர் நாடிச் செல்லுதற்கு உரியவரே உளவியலாளர் என்னும் எண்ணமும் அதிலிருந்தே பிறக்கிறது. ஆனால், வளர்ந்த மனிதர் ஒருவர் தம் வாழ்நாளின் நாற்பது ஆண்டுகளில் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை வேலையிலோ, வேலைக்குச் செல்லும் வழியிலோ, வேலை தேடுவதிலோ கழிக்கிறார். மனம் உரம் பெறுவதும் தேய்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எனவே, நோயாளி வரும்வரை அறைக்குள் காத்திராமல், மக்கள் உழைக்கும் இடத்திற்கும் உழைப்பை இழந்து நிற்கும் இடத்திற்கும் உளவியலாளர் சிலர் சென்றனர். அவ்வாறு சென்ற ஒரு குழுவினர் ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கண்டறிந்தவை, வேலைக்கும் மனத்திற்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இன்றும் துணைசெய்கின்றன.

வேலையிழந்த ஊர்

வியன்னா நகருக்குத் தென்கிழக்கே உள்ளது மரியன்தால். நெசவாலை ஒன்றை மட்டுமே நம்பி வாழ்ந்த ஊர் அது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபோது அவ்வாலை மூடப்பட்டது. ஊரில் இருந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அரசு வழங்கிய சிறிய உதவித்தொகையைக் கொண்டு நாள்களைத் தள்ள வேண்டியதாயிற்று. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரை உள்ளிட்ட ஆய்வுக்குழு 1931ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்றது.

ஊராரை வேடிக்கை பார்க்க எவரும் வரக்கூடாது என்பது அக்குழு தனக்குத்தானே விதித்துக்கொண்ட முதல் விதி. ஊருக்குப் பயன்படும் வேலை ஒன்றை ஒவ்வோர் ஆய்வாளரும் செய்தாக வேண்டும். வியன்னாவில் துணிமணிகளைத் திரட்டி வந்து வழங்கினர். கட்டணமின்றி மருத்துவ ஆலோசனை அளித்தனர். பெண்களுக்குத் துணி வெட்டும் பயிற்சியும் சிறுமியர்க்கு உடற்பயிற்சியும் கற்றுக்கொடுத்தனர். துணி வழங்கச் சென்ற வீடுகளில் தாமாகவே பேச்சு பிறந்தது. வினாத்தாளை நீட்டியிருந்தால் கிடைக்காத செய்திகள் அந்தப் பேச்சில் கிடைத்தன.

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும். அவர் படிப்பார், பிறரோடு பழகுவார், பொதுப்பணிகளில் ஈடுபடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மரியன்தாலில் நடந்தது அதற்கு நேர்மாறானது. ஊர் நூலகத்தில் இரவல் கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் மறைவாக நின்று, கையில் கடிகாரத்தோடு முதன்மைத் தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தனர். ஆண்கள் மெதுவாக நடந்தனர். போகும் வழியில் அடிக்கடி காரணமின்றி நின்றனர். பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். ஒருநாள் முழுவதும் செய்தவற்றை மணிவாரியாக எழுதித் தருமாறு கேட்டபோது, காலையில் பிள்ளைகளை எழுப்பியதும் நண்பகலில் உண்டதும் தவிர நடுவில் நிகழ்ந்தவற்றை அவர்களால் நினைவுகூர முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளிடம் கிறிஸ்துமசுக்கு வேண்டும் பரிசுகளை எழுதச் சொன்னார்கள். மரியன்தால் பிள்ளைகள் விரும்பிய பொருள்களின் மதிப்பு, அண்டை ஊர்ப் பிள்ளைகள் விரும்பியவற்றின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கே இருந்தது. பெற்றோரிடம் பணம் இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்பேன் என்னும் போக்கிலேயே பலர் எழுதியிருந்தனர். ஆசைப்படுவதையும் சுருக்கிக்கொள்ளப் பிள்ளைகள் கற்றுவிட்டிருந்தனர்.

பெண்களின் நிலை வேறாக இருந்தது. அவர்கள் தெருவில் விரைந்து நடந்தனர். ஆலை வேலை போயினும் சமையலும் துவைத்தலும் பிள்ளை வளர்ப்பும் போகவில்லையாதலால், அவர்களுடைய நாள் வடிவிழக்கவில்லை. இதனைக் கொண்டு பெண்களுக்கு வேலையிழப்பு ஒரு பொருட்டன்று என்று முடிவுகட்டுவது தவறு. ஆலை நாள்களில் வீட்டுவேலையையும் சேர்த்துச் சுமந்து நள்ளிரவுவரை உழைத்த பெண்களே, மீண்டும் ஆலைக்குப் போக வேண்டும் என்றனர். பணத்திற்காக மட்டும் அன்று. நான்கு சுவர்களுக்கு வெளியே மனிதர்களோடு இருப்பதற்காகவும் அவர்கள் அதனை விரும்பினர்.

ஊதியத்தோடு வருபவை

ஆய்வு நூல் 1933இல் வெளிவந்தது. அரசியல் செயல்பாட்டிற்காக யஹோடா 1936இல் சிறைப்பட்டார். மறு ஆண்டு விடுதலை பெற்று, நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்து சென்றார். மரியன்தாலில் கண்டவற்றைப் பல பத்தாண்டுகள் எண்ணிப் பார்த்து, 1982இல் வெளியிட்ட நூலில் தம் கருத்தை விரித்துரைத்தார். வேலையின் வெளிப்படையான பயன் ஊதியம். அதனோடு ஐந்து பயன்கள் வெளியே தெரியாமல் வந்து சேர்கின்றன: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்திற்கு வெளியே மனிதத் தொடர்பு, தனி ஒருவரைக் கடந்த பொதுநோக்கில் பங்கு, இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் அடையாளம், உடலையும் மனத்தையும் இயக்கும் செயல். வேலை பறிபோகும்போது ஊதியத்தோடு இவ்வைந்தும் சேர்ந்தே பறிபோகின்றன. உதவித்தொகை வயிற்றை ஓரளவு காக்கும், இவற்றை ஈடுசெய்யாது.

இவ்வைந்தனுள் அடையாளம் தமிழ்ச் சூழலில் தனிக் கவனத்திற்குரியது. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்னும் வழக்குமொழி பெருமையாகச் சொல்லப்படுவது. வேலை இழந்த ஆணுக்கோ அது தீர்ப்பைப் போலக் கேட்கும். வேலை போன செய்தியை வீட்டாரிடம் சொல்லாமல், வழக்கமான நேரத்தில் உணவுப் பையோடு கிளம்பி, பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் திரும்பும் ஆண்கள் உண்டு. ஊதிய இழப்பைவிட அதனை மறைக்கும் முயற்சியே அவர்களை விரைவில் ஒடுக்கிவிடுகிறது. உறக்கம் கெடுகிறது, பசி மந்தமாகிறது, முன்பு இன்பம் தந்தவை வெறுமையாகத் தோன்றுகின்றன. இந்நிலை நாள்தோறும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடிக்குமாயின் அதனைச் சோம்பல் என்றோ மனவலிமை இல்லாமை என்றோ தள்ளிவிடாமல், மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று கருதித் தகுதி பெற்றவரிடம் காட்டவேண்டும்.

அறைக்குள் நடப்பது

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சும் பயிற்சியும் அவருடைய கருவிகள். நோயின் கடுமையைப் பொறுத்து இருவருடைய உதவியும் ஒருங்கே தேவைப்படலாம். அறிவுரை கூறுவதே உளவியலாளரின் தொழில் என்று நினைப்போர் பலர். அறிவுரைக்கு ஊரில் பஞ்சமில்லை. சோர்ந்திருப்பவர் அதனை வேண்டிய அளவு கேட்ட பின்னரே உளவியலாளரிடம் வந்து சேர்கிறார்.

எடுத்துக்காட்டாக, வேலையிழந்து ஆறு திங்களாக வீட்டுக்குள் முடங்கிய நடுவயதினர் ஒருவர் வருவதாகக் கொள்வோம். உளவியலாளர் முதலில் அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்பார். பின்னர், ஒரு வாரத்தில் மணிதோறும் செய்தவற்றையும் அப்போதிருந்த மனநிலையையும் குறித்துவரச் சொல்வார். சோர்வு மிகுந்தவர் செயல்களைக் குறைத்துக்கொள்கிறார். செயல் குறையக் குறைய நிறைவு தரும் நிகழ்வுகளும் குறைகின்றன. அதனால் சோர்வு மேலும் மிகுகிறது. இந்தச் சுழலைக் குறிப்பேடு அவர் கண்முன் வைக்கிறது. மனம் தெளிந்த பின்னர் செயல்படலாம் என்று அவர் காத்திருக்கிறார். செயல்பட்டால் மனம் தெளியும் என்பதை உளவியலாளர் சிறுகச் சிறுகச் செய்து பார்க்க வைக்கிறார். காலையில் பால் வாங்கி வருதல், பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தல், மிதிவண்டியைப் பழுதுபார்த்தல் எனச் சிறிய செயல்களை நாள், நேரம் குறித்துத் திட்டமிடுகின்றனர். நடத்தைச் செயலூக்கம் எனப்படும் இம்முறை பார்வைக்கு மிக எளியது. சோர்வுற்றவருக்கோ முதல் வாரப் பால் வாங்கலே மலையேற்றம்.

இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. கோவா மாநிலத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து, இம்முறையில் பயிற்றுவித்து, ஆற்றுப்படுத்துநர்களாக அமர்த்தினர். ஆறு முதல் எட்டு அமர்வுகள் நிகழ்ந்தன. மூன்று திங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 39 பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தனர். ஆற்றுப்படுத்தலையும் சேர்த்துப் பெற்றோரில் அது நூற்றுக்கு 64 ஆக இருந்தது. உளவியலாளர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள ஒரு நாட்டிற்கு இம்முடிவு பெரிதும் வேண்டியது. ஒவ்வொருவரையும் தாமே சந்திப்பதைக் காட்டிலும், பிறரைப் பயிற்றுவித்து மேற்பார்வையிடுவதால் உளவியலாளரின் உதவி மிகப் பலரைச் சென்றடையும்.

ஆரோன் பெக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சை மற்றொரு வழி. மேலாளர் வணக்கத்திற்கு மறுமொழி கூறாமல் கடந்து போகிறார். ‘என் வேலை போகப்போகிறது’ என்னும் எண்ணம் நொடியில் எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, அன்றைய வேலை கெடுகிறது. அந்த எண்ணத்திற்குச் சான்று உண்டா, வேறு விளக்கம் இருக்கக்கூடுமா என்று ஆராய உளவியலாளர் பழக்குகிறார். நல்லதையே நினைக்கச் சொல்வதாக இதனைத் தவறாகக் கருதலாகாது. நிறுவனம் உண்மையிலேயே ஆள்குறைப்புச் செய்யவிருந்தால் அச்சம் பிழையான எண்ணம் அன்று. அப்போது சேமிப்பு, கடன், அடுத்த வேலைக்கான விண்ணப்பம் எனச் சிக்கலைக் கூறுபடுத்தித் தீர்க்கவே உளவியலாளர் துணைநிற்பார்.

பணியிடத்தையும் பார்த்தல்

வேலை இல்லாமை மனத்தைத் தேய்ப்பது போலவே, பொருந்தா வேலையும் தேய்க்கும். ராபர்ட் காரசெக் 1979இல் முன்வைத்த கருத்து இதனை விளக்குகிறது. வேலையின் சுமை மிகுதி என்பது மட்டும் ஒருவரை வருத்துவதில்லை. சுமை மிகுதியாகவும், அதனைச் செய்யும் முறையைத் தாமே முடிவு செய்யும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் வருத்தம் பெருகுகிறது. அறுவை மருத்துவருக்கும் சுமை உண்டு; ஆயினும் தம் வேலையின் போக்கை அவர் பெரிதும் தாமே வகுக்கிறார். அழைப்பு மையத்தில் அமர்ந்து, எழுதிக் கொடுத்த சொற்களை மட்டும் பேசி, இடைவேளைக்கும் இசைவு கேட்கும் இளைஞருக்கு அவ்வுரிமை இல்லை.

நீண்ட காலம் தணியாத பணிநெருக்கடியால் ஆற்றல் வற்றுதல், வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலை பணிச்சோர்வு எனப்படும். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதனை அளக்கும் கருவியை உருவாக்கினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் இதனை நோய் என்று வகைப்படுத்தாமல், பணி சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. இவ்வேறுபாடு சிறியதன்று. நோய் என்றால் திருத்தவேண்டியது பணியாளரை. பணி சார்ந்தது என்றால் பணியையும் திருத்தவேண்டும். பன்னிரண்டு மணிநேர வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். நேர்மையான உளவியலாளர் பணிமுறை மாற்றம், ஓய்வு, மேலாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைப் பற்றி நிறுவனத்திடமும் பேசுவார்.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. நிறுவனமே ஊதியம் கொடுத்து அமர்த்தும் உளவியலாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்? தம் சோர்வைச் சொன்னால் பதவி உயர்வு தடைபடுமோ என்று பணியாளர் அஞ்சுவது இயல்பு. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுதலை உரிமையாக அளிக்கிறது. உயிருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை போன்ற சில விலக்குகளும் அதில் உண்டு. எந்தச் செய்தி வெளியே போகாது, எந்த நிலையில் போகக்கூடும் என்பதை முதல் சந்திப்பிலேயே உளவியலாளர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வாறு சொல்லாவிடின் கேட்டறிவது வருபவரின் உரிமை.

கடுமையான மனநோயிலிருந்து மீள்வோர் வேலைக்குத் திரும்புதல் குறித்தும் கருத்து மாறியுள்ளது. முழுமையாகத் தேறி, நெடுநாள் பயிற்சி பெற்ற பின்னரே அவர்களை வேலைக்கு அனுப்பவேண்டும் என்பது பழைய முறை. அவர்கள் விரும்பும் உண்மையான வேலையில் முதலில் அமர்த்தி, அங்கேயே தொடர்ந்து துணைநிற்கும் முறையை 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் வளர்த்தெடுத்தனர். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், பழைய முறையைவிட இம்முறையில் மிகுதியானோர் வேலை பெற்றனர்.

பணி ஓய்வும் ஒருவகையில் வேலையிழப்பே. யஹோடா கூறிய ஐந்தும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. மாலையும் பாராட்டுமாக விடைபெற்றவர் அடுத்த திங்கட்கிழமை காலையில் எங்குச் செல்வார், யாரோடு பேசுவார் என்பதை ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே எண்ணித் திட்டமிடச் செய்வது உளவியலாளர் செய்யும் பணிகளுள் ஒன்று. ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதில் காட்டும் அக்கறையைப் பெரும்பாலான அலுவலகங்கள் இதில் காட்டுவதில்லை.

உதவி தேடுவோர் பெரிய நகரத்திற்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவர் பேசுவார். தேவைப்படின் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ அழைப்பை மாற்றித் தருவார். நோய் முற்றியிருக்க வேண்டும் என்பது இல்லை. உறக்கமின்மை, தேர்வு அச்சம், வேலை பற்றிய கவலை ஆகியவற்றுக்காகவும் அழைக்கலாம். வீட்டில் வேறொருவர் துன்புறக் கண்டவரும் அவருக்காக அழைத்து வழி கேட்கலாம்.